வெற்றிலை வாங்கப் போனவர் ஆறு மணி நேரம் கழித்து வந்தது பற்றி

ஏற்காடு,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய ராமசாமி ஐயா அவர்களுக்கு,

ஏற்காடு விஜயகுமார் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. முதலில் ‘அன்புள்ள சம்பந்தி’ என்றுதான் ஆரம்பித்தேன். அப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று சந்தேகம் வந்ததால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அடுத்த தாளில் ‘நண்பரே’ என்று போட்டேன், அது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தது. இது நான்காவது தாள். காப்பி எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடம் ரைட்டராக இருந்து, மழைக்கணக்கு முதல் மாட்டுக்கணக்கு வரை எழுதித் தீர்த்தவன் நான், ஒரு மனிதரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழிக்கிறேன். இங்கே நானும் என் மனைவி புஷ்பலதாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. தட்டு மேசையில் வந்து உட்காரும் சத்தத்திலேயே அவள் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்துவிடுகிறாள். தாங்களும் கமலா அம்மாவும் தம்பி நவீனும் தலைசுற்றல் எதுவும் இல்லாமல் சேலம் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் கோபத்தோடு இறங்குவது உடம்புக்கு ஆகாது.

போனில் ஐந்து முறை கூப்பிட்டேன். தாங்கள் எடுக்கவில்லை. எடுக்காததும் ஒருவகையில் நல்லதுதான், ஏனென்றால் போனில் நான் பேச ஆரம்பித்தால் விஷயத்துக்கு வருவதற்குள் எதிரில் இருப்பவருக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. ஆகையால் விஷயத்துக்கு நேரடியாக வருகிறேன். என் மகள் கீர்த்திகாவைத் தங்கள் மகன் நவீனுக்குக் கொடுப்பதென்று இரண்டு வீட்டிலும் பேசி, பிள்ளைகளுக்கும் ஒருவரையொருவர் மிகவும் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றி உறுதி செய்துகொள்வதென்று முடிவாகி, தாங்கள் குடும்பத்தோடு ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்து, தட்டை மாற்ற வேண்டிய பெண்ணின் தகப்பனை மட்டும் காணாமல், பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்குமுன் கிளம்பிவிட வேண்டுமென்று பதினொன்றே முக்காலுக்கு எழுந்து போகும்படி ஆனதே, அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்தக் கல்யாணம் நடப்பதும் நிற்பதும் இப்போது தங்கள் கையில் இருக்கிறது. காத்திருந்த நேரத்தில் தாங்கள் எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பதினோரு முறை பார்த்ததாகப் புஷ்பலதா சொன்னாள், அதாவது சுவரைப் பார்த்துச் சொன்னாள். அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடும். அதனால் தாங்கள் நினைப்பதைவிடப் பத்து நிமிடம் குறைவாகத்தான் காத்திருந்தீர்கள் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு விடியற்காலை ஐந்தரைக்கே புஷ்பலதா என்னை எழுப்பிக் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். “ஏனுங்க, சந்தைக்குப் போயி வெத்தலையும் ஒரு சீப்பு மலைவாழையும் வாங்கிட்டு ஏழு மணிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்தரோணும். வேற எதையும் பாத்துட்டு நிக்கக் கூடாது. ஆருகிட்டயும் பேசக் கூடாது” என்றாள். கடைவீதியில் வெற்றிலை கிடைக்காதா என்று தாங்கள் கேட்கலாம். கிடைக்கும். ஈரச் சாக்குக்குள் இரண்டு நாள் கிடந்து, காம்பு கறுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எழுந்து வந்தது போல இருக்கும். தட்டில் வைக்கிற வெற்றிலை அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து சரஸ்வதி கொண்டுவருவதாக இருக்க வேண்டும் என்பது புஷ்பலதாவின் உத்தரவு. சரஸ்வதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மட்டும்தான் மலையேறி வருவார்.

எங்கள் சந்தையைப் பற்றித் தங்களுக்குக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. தாங்கள் சேலத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் வண்டி தள்ளிக்கொண்டு காய்கறி வாங்குகிறவர். அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடையில் ஒரு மணி நேரம் நடந்தாலும் ஒருவர்கூட உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார். இங்கே பனி விலகுவதற்கு முன்பே சுற்று வட்டாரத்து மலைக்காரர்கள் தலைச்சுமையாகவும் ஜீப்பிலும் வந்து இறங்கி, ரோட்டோரத்தில் சாக்கை விரித்துக் கூறு கட்டி வைப்பார்கள். ஒரு பக்கம் சவ்சவ், பீன்ஸ், அவரை. இன்னொரு பக்கம் சாமையும் ராகியும் மிளகும். கொய்யாவின் வாசனையும் கருவாட்டின் வாசனையும் எதிரெதிரே நின்று சண்டை போடும், கருவாடுதான் ஜெயிக்கும். வாங்கின காய்க்கு மேல் இரண்டு பச்சை மிளகாயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கொசுறாக விழும்போது மனசுக்குள் ஏற்படுகிற சந்தோஷம், எனக்குச் சம்பள உயர்வு வந்தபோதுகூட ஏற்பட்டதில்லை. இன்றைக்குப் பீன்ஸ் வாங்கக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு போவேன், அந்தப் பீன்ஸ் பனித்துளியோடு என்னைப் பார்க்கும், வாங்கிவிடுவேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. மூன்று வருடத்துக்கு முன், நான் ஓய்வு பெற்ற புதிதில், கரடியூரிலிருந்து வரும் பாவாயி என்ற அம்மாளிடம் ஒரு ஞாயிறு காலையில் கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கினேன். அன்றைக்கு அவருக்கு அதுதான் முதல் போணி. ஒன்பது மணிக்குள் இரண்டு மூட்டை சவ்சவ், பீன்ஸ், மூன்று வாரமாக யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கிழட்டு வெள்ளரி உட்பட எல்லாம் விற்றுப்போய்விட்டன. அடுத்த வாரமும் தற்செயலாக நானே முதலில் வாங்கினேன், அன்றும் அதே கதை. “உங்க கை நொம்ப ராசியான கைங்க ரைட்டரே. இனி வாராவாரம் நீங்கதான் போணி பண்ணோணும்” என்று சொல்லிவிட்டார். ஐயா, என் ஆயுளில் யாரும் என்னை ராசிக்காரன் என்று சொன்னதில்லை. எஸ்டேட்டில் நான் ஏறிய ஜீப் நடுவழியில் நிற்கும், நான் குடை எடுக்காத அன்று மழை பெய்யும் என்றுதான் பேர். புஷ்பலதாவின் அண்ணன்மார் என் ராசியைப் பற்றி வைத்திருக்கும் கருத்தை இங்கே எழுத முடியாது. அப்படிப்பட்டவனுக்கு அறுபது வயதில் ஒரு கைராசி கிடைத்தால் அவன் அதை விட்டுவிடுவானா?

செய்தி சந்தை முழுக்கப் பரவிவிட்டது. பாவாயிக்குப் பக்கத்தில் மலைவாழையும் கொய்யாவும் வைத்திருக்கும் சித்தன், எதிரே பட்டர் ஃப்ரூட்டும் மிளகும் விற்கும் மரியஜோசப், இன்னும் இரண்டு மூன்று பேர், நான் வந்து கை வைக்காமல் வியாபாரத்தைத் தொடங்குவதில்லை என்ற நிலைமைக்கு வந்துவிட்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது மூன்று பட்டர் ஃப்ரூட் கேட்டால் மரியஜோசப் “செத்த இருங்க சார், ரைட்டர் வந்தரட்டும்” என்று நிறுத்தி வைப்பார். அந்த வெளியூர்க்காரர் என்னை ஏதோ விலை நிர்ணயம் செய்யும் அதிகாரி என்று நினைத்துக்கொண்டு, நான் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வணக்கம் சொல்வார். போணி பண்ணுகிறவர் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகரக் கூடாது, பேரம் பேசக் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் வாரம் முழுவதும் சவ்சவ் கூட்டு, சவ்சவ் பொரியல், சவ்சவ் துவையல். போணிக்கு ஜிபேயும் செல்லாது. “செல்லுக்குள்ள வர்ற காச எப்பிடீங்க கண்ணுல ஒத்திக்கறது” என்பது சித்தனின் கேள்வி. ஒருமுறை என் போனையே வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டார், அதில் எங்கள் பழைய மேனேஜருக்கு அழைப்பு போய், அவரோடு நான் இருபது நிமிடம் நலம் விசாரிக்க வேண்டியதாகிவிட்டது.

இதில் இன்னொரு சிக்கல் வந்தது. போணிகளுக்குள்ளேயே முதல் போணி யாருக்கு என்று பாவாயிக்கும் சித்தனுக்கும் மனத்தாங்கல். என் கையில் இருக்கிற ராசி முதல் கடையிலேயே முக்கால்வாசி இறங்கிவிடுகிறது, மற்றவர்களுக்கு மிச்சம்தான் கிடைக்கிறது என்பது இருவருடைய கட்சியும். கடைசியில் மரியஜோசப் மத்தியஸ்தம் பண்ணி, வாரத்துக்கு ஒரு கடை என்று முறை வைத்து, தன் காலண்டரில் பேர் எழுதி மாட்டிவிட்டார். மூன்று வருடமாக அந்த முறை பிசகியதில்லை. நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம், சித்தனும் மரியஜோசப்பும் வீட்டுக்கே வந்து கட்டில் பக்கத்தில் நின்று என் கையால் ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். புஷ்பலதா அதைப் பார்த்து என்ன சொன்னாள் என்பதையும் இங்கே எழுத முடியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. சரஸ்வதி வந்திருக்கவில்லை. போன் போட்டால் “ஜீப்பு கெளம்பிருச்சுங்க, வந்துட்டே இருக்கறனுங்க” என்றார். பின்னால் சேவல் கூவியது, ஜீப்புக்குள் சேவல் இருக்கிறதா அல்லது அவர் இன்னும் குப்பனூர் வீட்டு வாசலில் இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. சரி, அதற்குள் பழத்தை முடித்துவிடலாம் என்று, மகளின் கல்யாணக் கவலையில் மூளை வேறெங்கோ இருக்க, நேராகச் சித்தனிடம் போய் ஒரு சீப்பு மலைவாழையை எடுத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அவரும் தூக்கக் கலக்கத்தில் வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டு தராசில் தட்டிவிட்டார். அப்புறம்தான் சந்தையே அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். அந்த வாரம் பாவாயியின் முறை.

பாவாயி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அவர் பாட்டுக்கு எழுந்து, கட்டி வைத்திருந்த கூறுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைத்து மறுபடி சாக்கில் போட ஆரம்பித்தார்.

“பாவாயம்மா, தெரியாம நடந்துபோச்சு” என்றேன்.

“உங்களுக்கு என்னங்க ரைட்டரே. தெரியாம நடக்கும், தெரிஞ்சும் நடக்கும். எனக்குத்தானுங்க இன்னைக்கு ஒரு காயி போகாது.”

“இப்ப உங்ககிட்ட வாங்கறேன். ரெண்டு கூறு வாங்கறேன்.”

“மிச்சக் கையி எனக்கு எதுக்குங்க. ஊட்டுக்கே கொண்டுபோறேன். மாடு திங்கட்டும்.”

இருட்டோடு எழுந்து, கரடியூரிலிருந்து பாதி வழி தலையில் சுமந்து கொண்டுவந்த மூட்டை அது. அதை அவர் திருப்பித் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு, ‘எனக்கு வீட்டில் விசேஷம், நேரமாகிறது’ என்று என்னால் சொல்ல முடியுமா? தாங்களாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டீர்கள். பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று சித்தனும் சொல்லிப் பார்த்தார், ஆனால் கண்ணில் ஒத்திய காசைத் திருப்பித் தந்தால் அவருக்கு வருடம் முழுக்க வியாபாரம் படுத்துவிடுமாம். எல்லோரும் மரியஜோசப்பைப் பார்த்தார்கள். அவர் காலண்டரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு தீர்ப்புச் சொன்னார். “இன்னும் விடியலைன்னு வெச்சுக்கலாங்க. ரைட்டர் வெளிய போயி, மொகம் கழுவிட்டு, மறுக்கா மொதல்ல இருந்து வரட்டும்.”

“அப்ப அந்தச் சீப்பு?” என்று பாவாயி கேட்டார்.

“அது நேத்து வித்ததுங்க” என்றார் மரியஜோசப்.

ஐயா, அறுபத்து மூன்று வயதில் நான் பஸ் நிலையத்துக் குழாயடி வரை போய் முகம் கழுவி, ஒரு கொட்டாவியும் விட்டுவிட்டு, அன்றைக்கு இரண்டாவது தடவையாக விடிந்தது போலச் சந்தைக்குள் வந்தேன். அதற்குள் எல்லாரும் சாக்கைப் போர்த்திக் கடையை மூடி, மறுபடி திறந்திருந்தார்கள். கார் நிறுத்திவிட்டு வந்த ஒரு வெளியூர்க் குடும்பம் இது ஏதோ மலைக்கோயில் சடங்கு என்று நினைத்து வீடியோ எடுத்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் பாவாயியிடம் ஒரு கூறு சவ்சவ் வாங்கினேன், அவர் முகம் தெளிந்தது. கிளம்பலாம் என்று திரும்பினால் சித்தன் மறிக்கிறார். அவருடைய சீப்பு நேற்று விற்றதென்று தீர்ப்பாகிவிட்டதால், இன்றைக்கு அவருக்குப் போணியே ஆகவில்லையாம். நியாயம்தானே. இன்னொரு சீப்பு வாங்கினேன். பிறகு மரியஜோசப். பிறகு அடுத்தவர்.

எல்லாம் முடிகிற நேரத்தில்தான் சரஸ்வதி வெற்றிலைக் கட்டோடு வந்து இறங்கினார். நான் கேட்ட எண்ணிக்கையைப் பார்த்து, “இத்தன வெத்தல எதுக்குங்க? நீங்க போடற ஆளு இல்லீங்களே” என்றார். கீர்த்திகாவுக்கு இன்றைக்கு உறுதி என்றேன். அவ்வளவுதான். ஒருவரிடமும் பேசக் கூடாது என்று புஷ்பலதா சொன்னதன் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. “நம்ம கண்ணுக்கா?” என்று சரஸ்வதி கேட்ட குரல் கருவாட்டுக் கடை வரை போயிருக்கும். வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மாப்பிள்ளை என்ன வேலை, என்ன உயரம், கோபக்காரரா, மாமியார் எப்படி என்று கேள்விக்கு மேல் கேள்வி. கமலா அம்மாவைப் பற்றி நல்லபடியாகத்தான் சொன்னேன். மாமனார் ரயில்வேயில் இருந்தவர், எல்லாம் நேரப்படி நடக்க வேண்டும் என்கிறவர் என்றேன். “அப்ப நீங்க இன்னும் போகலீங்களா?” என்று கேட்டுக்கொண்டே யாரும் என்னை விடவில்லை.

சரஸ்வதி ஒவ்வொரு இலையாகப் பார்த்து, காம்பு ஒடியாததாகப் பொறுக்கி, வாழைநாரில் கட்டிக் கொடுத்தார். மரியஜோசப் ஒரு பொட்டலம் மிளகும் ஆறு பட்டர் ஃப்ரூட்டும் எடுத்து வந்து, “மாப்ள ஊட்டுக்காரங்களுக்குங்க. சக்கரை போட்டுத் திங்கச் சொல்லுங்க, மலைக்கு வந்தவங்க வெறுங்கையோட எறங்கக் கூடாது” என்றார். சித்தன் ஒரு முழுத் தாரையே தூக்கித் தோளில் வைத்துவிட்டார். அரை மணி நேரத்துக்கு முன் என் முகத்தையே பார்க்காத பாவாயி, ஒரு பூசணிக்காயை உருட்டிக்கொண்டு வந்து காலடியில் வைத்தார். நான் சட்டைப் பையில் கை விட்டேன். “இது நான் கண்ணுக்குக் குடுக்கறதுங்க. காச நீட்டுனீங்கன்னா மறுக்காவும் கோவம் வந்துரும்” என்றார். இத்தனையும் தங்களுக்குச் சேர வேண்டியவை. பூசணி எங்கள் சமையலறை மூலையில் தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறது.

இவ்வளவு சுமையோடு ஒரு மனிதன் எப்படி வேகமாக நடக்க முடியும்? ஏரிப்பக்கத்துச் சரிவில் வரும்போது பையின் காது அறுந்துவிட்டது. சவ்சவ் உருண்டு ஓடுவதைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தக்காளி விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும், சவ்சவ்வுக்கு அந்த நாகரிகம் கிடையாது. தோளில் வாழைத்தார், கக்கத்தில் பூசணி, வாயில் வெற்றிலைக் கட்டின் நார், இந்தக் கோலத்தில் நான் பின்னால் ஓடினேன். படகுக்கு வரிசையில் நின்றவர்களெல்லாம் ஆளுக்கொன்றாகப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு பெங்களூர்க்காரர் கிலோ என்ன விலை என்று கேட்டார். நான் விற்கிறவன் இல்லை என்று சொல்வதற்குள், வாயில் நார் இருந்ததால், அவர் மனைவி இரண்டு காய்களைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு நோட்டை என் கையில் திணித்துவிட்டார். எனக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் போணி. யாரும் பார்க்காதபோது கண்ணில் ஒத்திக்கொண்டேன்.

இப்படியே நேரம் போய்விட்டது. போனிலும் சார்ஜ் இல்லை. வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது, தாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன, கமலா அம்மா பாதி சாப்பிட்டு வைத்த கேசரி ஆறிப்போயிருந்தது. கீர்த்திகா பட்டுப் புடவையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளிலிருந்த தாரை இறக்கி வைத்தாள்.

ஆகவே நடந்ததற்கு முழுக் காரணம் சந்தைதான். என் மகள்மேல் இதில் ஒரு துளிக் குற்றமும் கிடையாது. அவள் நேரம் தவறாதவள், அந்தக் குணம் தாய்வழியில் வந்தது. தகப்பனை வைத்துப் பெண்ணை எடைபோட வேண்டாம் என்று தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் சந்தைப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை என்று புஷ்பலதாவின் முதுகைப் பார்த்துச் சத்தியம் செய்திருக்கிறேன். தாங்கள் மனம் இரங்கி மறுபடி ஒரு நாள் குறித்துத் தந்தால், எந்த ஊரில் எந்த நேரம் என்றாலும் நான் முந்தின நாளே வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

கமலா அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தம்பி நவீன் நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும் என்று சேர்வராயன் சாமியை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் ரத்த அழுத்தம் சீராக இருக்கவும் அதே சாமியிடம் தனியாக வேண்டியிருக்கிறேன்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்து நிற்கும்,
விஜயகுமார்,
ரைட்டர் (ஓய்வு).

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதெல்லாம் நடந்ததுதான், ஆனால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் வீட்டுக்கு வந்ததற்கும் நடுவில் நான் எங்கேயும் மணி எழுதவில்லை. ரயில்வேயில் இருந்த தாங்கள் அதைக் கவனித்திருப்பீர்கள். சவ்சவ்வைப் பொறுக்கி முடித்தபோது மணி எட்டே முக்கால். அங்கிருந்து எங்கள் வீடு ஐந்து நிமிட நடை. சந்தையின்மேல் ஒரு குற்றமும் இல்லை. பாவாயிமேல் இல்லை, சித்தன்மேல் இல்லை, ஜீப்பின்மேலும் இல்லை.

பூசணிக்காயைக் கொடுத்துவிட்டுப் பாவாயி, “எந்த ஊருக்குங்க போகுது கண்ணு?” என்று கேட்டார். மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை என்றேன். “அது எங்கீங்க இருக்குது?” ரயிலில் ஒரு பகல் ஒரு ராத்திரி என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப இனி ஞாயித்துக்கெழமைக்கு வராதுங்களா?” என்றார்.

கீர்த்திகா சேலத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி வந்துவிடுவாள். ஞாயிறு காலையில் நானும் அவளும்தான் சந்தைக்குப் போவோம். அவள் பையைப் பிடித்துக்கொள்வாள், நான் போணி பண்ணுவேன். இந்த ஞாயிறுதான் முதல் தடவையாக நான் தனியாகப் போனது. கல்யாணப் பேச்சு தொடங்கின மூன்று மாதமாக ஜாதகத்தை யோசித்தேன், மண்டபத்தை யோசித்தேன், பந்தியில் எத்தனை பேர் என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமையை நான் யோசிக்கவே இல்லை.

ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்போம் என்றுதான் உட்கார்ந்தேன். தங்கள் வண்டி வந்ததைப் பார்த்தேன். தம்பி நவீன்தான் ஓட்டி வந்தார், நல்ல நிதானமான கை. புஷ்பலதாவின் போன் வந்தது, நானே அணைத்துவிட்டேன், சார்ஜ் இல்லை என்று எழுதியது மட்டும் பொய். இந்த வெற்றிலையைக் கொண்டுபோய்த் தட்டில் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது, கால் வரவில்லை. வண்டி திரும்பிப் போனதையும் பார்த்தேன். கையைத் தூக்கினேன். நிறுத்தச் சொல்லித் தூக்கினேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் காலை கீர்த்திகாவைச் சேலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, “நீங்க ஏரிக்கிட்ட உக்காந்திருந்தது மாடி ஜன்னல்ல இருந்தே தெரிஞ்சுதுங்கப்பா. அம்மாகிட்ட நான் சொல்லல” என்றாள்.

“ஏன் சாமி, வந்து கூப்பிட்டிருக்கலாமே” என்றேன்.

“கூப்புட்டா வந்திருப்பீங்க. நீங்களா வரோணும்னு பாத்தனுங்க” என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு வாருங்கள், சம்பந்தி. நான் வாசலில் நிற்பேன், யாரும் கூப்பிடாமலே.